சிங்கப்பூர்: இடம் சுருங்கிய தீவில் முஸ்லிம்கள் போட்ட கணக்கு

சென்ற ஆண்டு பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு ஜனாஸாவுக்குச் சென்றிருந்தோம். மரணமானவர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். மகனுக்குக் கணினி நிறுவனத்தில் வேலை என்பதால் வட ஆற்காடு பக்கத்துச் சொந்த ஊரை விட்டு இங்கே வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. குளிப்பாட்டி, கஃபனிட்டு முடித்த பிறகு மகன் நம்மைத் தனியே அழைத்துக் கேட்டார்: "ஹஜ்ரத், எங்கே அடக்கம் செய்வது?"

அருகில் இருந்த பழைய கபரஸ்தானில் அந்த ஊர் ஜமாஅத்தாருக்கே இடம் போதவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இரண்டு மணி நேரம் பலரிடம் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் சொந்த ஊருக்கே கொண்டுபோக முடிவானது. நான்கு மணி நேரப் பயணம். அவருடன் ஆறு வருடம் ஜும்ஆ தொழுத அண்டை வீட்டாரில் பலரால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை.

ஆம்புலன்ஸ் புறப்பட்ட பின், சிங்கப்பூரில் இருபது வருடம் வேலை பார்த்துத் திரும்பிய சகோதரர் ஒருவர் சொன்னார்: "அங்கே என்றால் இந்த அலைச்சல் இருக்காது ஹஜ்ரத். ஒரு போனில் எல்லாம் நடந்துவிடும். ஆனால் கபர் பதினைந்து வருஷத்துக்குத்தான்."

அந்த ஒரு வாசகம் நம்மை விடவில்லை. ஒரு சிறு தீவில் மக்கள் பெருகிக்கொண்டே போனபோது அங்கிருந்த முஸ்லிம்கள், குறிப்பாக நம் தமிழ் முஸ்லிம்கள், எதை இழந்தார்கள், எதைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்று தேடிப் படித்தோம். கோவளம், கேளம்பாக்கம், தாம்பரம் என்று நாளுக்கு நாள் விரியும் நம் புறநகர்களுக்கு அதில் பாடம் இருக்கிறது. படித்ததை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

எண்ணுவது நமக்குப் புதிதல்ல

மக்கள்தொகைக் கணக்கு என்றதும் அது அரசாங்கத்தின் வேலை என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் மதீனாவில் இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் கேட்டதையும், அப்படி எழுதியபோது ஆயிரத்து ஐந்நூறு ஆண்கள் இருந்ததையும் ஹுதைஃபா (ரலி) அவர்களின் அறிவிப்பாக இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தில் செய்ததும் கணக்குத்தான். விளைச்சல் உள்ள ஏழு ஆண்டுகளிலேயே பஞ்சம் வரும் ஏழு ஆண்டுகளுக்கான தானியத்தைச் சேர்த்து வைத்தார்கள். வரப்போவதை முன்கூட்டி எண்ணிப் பார்த்து ஏற்பாடு செய்வது தவக்குலுக்கு எதிரானதல்ல என்பதை இரண்டு செய்திகளும் நமக்குக் கற்றுத் தருகின்றன.

பத்தாயிரத்திலிருந்து அறுபது லட்சம்

1819இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வணிகத் தளம் அமைத்தபோது அது மிகச் சிறிய குடியேற்றமாகவே இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் முதல் கணக்கெடுப்பு நடந்தது. அதிலிருந்து தீவின் மக்கள்தொகை வளர்ந்த விதம் இது:

1824: 10,683
1947: 9,38,144
1957: 14,45,929
1970: 20,74,507
2000: சுமார் 40 லட்சம்
2024: சுமார் 60.4 லட்சம்

1947க்கும் 1957க்கும் இடையே பத்தே ஆண்டுகளில் ஐந்து லட்சம் பேர் கூடினார்கள். போருக்குப் பிந்தைய காலம் அது. பிறப்பும் அதிகம், குடியேற்றமும் அதிகம். நிலமோ அவ்வளவேதான். 1960களில் தீவின் பரப்பு 581 சதுர கிலோமீட்டர். கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று அதைச் சுமார் 735 ஆக்கியிருக்கிறார்கள். அப்படியும் ஒரு சதுர கிலோமீட்டருக்கு எட்டாயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள்.

மற்ற நாடுகளில் நகரம் நெருக்கடியானால் கிராமத்துக்குத் திரும்பலாம். சிங்கப்பூரில் திரும்பிப் போகக் கிராமம் இல்லை. நாடு முழுவதுமே ஒரு நகரம். அங்கே பிரச்சினைகள் சீக்கிரமாகவும் கூர்மையாகவும் வெளிப்பட்டதற்கு இதுவே காரணம்.

நம்மவர்கள் அமைத்த பள்ளிகள்

1824 கணக்கெடுப்பில் இந்தியர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பேர். அவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம் வணிகர்களும் இருந்தனர். ஆங்கிலேயர் இவர்களைச் சூலியாக்கள் என்று அழைத்தார்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் தொடங்கப்பட்டது. தெலுக் ஆயர் தெருவில் ஒரு குடிசையாகத் தொடங்கியதால் இன்றும் குச்சுப் பள்ளி என்று பெரியவர்கள் சொல்லும் அல் அப்ரார் பள்ளிவாசல் 1827ஐச் சேர்ந்தது. அதே தெருவில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு கட்டடமும் 1830க்குள் எழும்பிவிட்டது. லிட்டில் இந்தியாவுக்கு அருகில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் இன்றைய கட்டடம் 1907இல் தொடங்கி 1927இல் முடிந்தது.

ஊர் தோன்றிப் பத்து ஆண்டுகள் ஆவதற்குள் பள்ளிவாசலுக்கு இடம் பிடித்துவிட்டார்கள் நம் முன்னோர்கள். அதே இடத்தை இருபது ஆண்டு கழித்துத் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. இன்று அந்தப் பகுதி முழுவதும் வானுயர்ந்த அலுவலகங்கள்.

தொடக்ககால வணிகர்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டே சென்றார்கள். இருபதாம் நூற்றாண்டில் கடையநல்லூர், தென்காசி பகுதியிலிருந்து சென்றவர்கள் இதில் வேறுபட்டார்கள். கைத்தறி நெசவு நலிந்த காலத்தில் மனைவி மக்களோடு கப்பலேறினார்கள். தஞ்சோங் பகார் பகுதியில் நெருங்கி வாழ்ந்தார்கள். ஆண்கள் துறைமுகத்திலும் கடைகளிலும் உழைக்க, பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். இந்தச் சமூகத்தின் அமைப்பான சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியது. வாடகை அறைகளில் வாழ்ந்த உழைப்பாளிகள், சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது.

வீடு மாறியது, மஹல்லா கலைந்தது

1950களில் சிங்கப்பூரின் பெரும்பகுதி மக்கள் இடநெருக்கடியான கடைவீடுகளிலும், கம்பம் எனப்படும் பலகை வீட்டுக் குடியிருப்புகளிலும் வாழ்ந்தார்கள். ஒரே வீட்டை அறை அறையாகப் பிரித்து, ஓர் அறையில் ஒரு குடும்பம் என்று இருந்தது. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ ஸ்வீ என்ற குடியிருப்பில் பற்றிய தீயில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 1960இல், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. முதல் ஐந்தாண்டில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளை அது கட்டியது. 1965 ஆகஸ்ட் 9 அன்று நாடு தனியானது. 1966இல் வந்த நில எடுப்புச் சட்டம் பொதுத் தேவைக்காக நிலத்தை எடுக்கும் பெரும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. இன்று சிங்கப்பூர்வாசிகளில் ஐந்தில் ஏறக்குறைய நால்வர் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். குடிநீர், கழிவறை, மின்சாரம் எல்லாம் உள்ள சொந்த வீடு ஏழைக்கும் கிடைத்தது. இது பெரிய நன்மை. மறுப்பதற்கில்லை.

விலையும் இருந்தது. கம்பங்கள் இடிக்கப்பட்டபோது அங்கிருந்த சிறு தொழுமிடங்களும் பல பள்ளிகளும் மறைந்தன. தஞ்சோங் பகாரில் ஒரே தெருவில் வாழ்ந்த கடையநல்லூர்க் குடும்பங்கள் தீவின் பல மூலைகளுக்கும் பிரிந்து போயின. 1989 மார்ச் மாதத்திலிருந்து, ஒவ்வொரு அடுக்கத்திலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியும் வந்தது. இனங்கள் தனித்தனியாக ஒதுங்கிவிடாமல் கலந்து வாழ வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த நோக்கம் பெருமளவு நிறைவேறியது. ஆனால் ஒரு பள்ளிவாசலைச் சுற்றி ஒரு மஹல்லா என்ற பழைய அமைப்பு அதோடு முடிந்துபோனது.

உமறுப் புலவர் பள்ளிக்கூடமும் தப்பவில்லை. பெற்றோர்கள் ஆங்கில வழிக்கு மாறிவிட்டார்கள். மாணவர் குறைந்து 1982இல் அது மூடப்பட்டது. மறு ஆண்டு அரசு தொடங்கிய தமிழ்மொழி நிலையத்துக்கு உமறுப் புலவரின் பெயர் சூட்டப்பட்டு இன்றும் நிலைத்திருக்கிறது. பெயர் பிழைத்தது, பள்ளிக்கூடம் பிழைக்கவில்லை.

மாதம் ஐம்பது காசு

இந்த வரலாற்றில் நம்மை அதிகம் சிந்திக்க வைத்த பகுதி இதுதான்.

1970களின் தொடக்கத்தில் புதுநகரங்களுக்குக் குடிபெயர்ந்த முஸ்லிம்களுக்கு அருகில் பள்ளிவாசல் இல்லை. பழைய பள்ளிகள் பழைய இடங்களில் இருந்தன, தொழுகிறவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். புதுநகரத்தில் நிலம் வாங்கிக் கட்டப் பெரும் பணம் வேண்டும். ஓரிரு செல்வந்தர்களை நம்பி அதைச் செய்துவிட முடியாது.

முஸ்லிம்களின் மார்க்க விவகாரங்களுக்காக 1968இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம், சுருக்கமாக முயிஸ், 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வேலை பார்க்கும் ஒவ்வொரு முஸ்லிமின் சம்பளத்திலிருந்தும் மத்திய சேம நிதி வழியாக மாதம் ஐம்பது காசு பிடிக்கப்படும். வேண்டாம் என்பவர்கள் விலகிக்கொள்ளலாம். ஐம்பது காசு என்பது அந்தக் காலத்திலும் ஒரு தொழிலாளிக்குச் சுமையாகாத தொகை.

இரண்டே ஆண்டில், 1977இல், தோ பாயோ புதுநகரத்தில் முதல் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் முஹாஜிரீன். ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் என்று பொருள். அந்தப் பெயரிலேயே அந்தத் தலைமுறையின் கதை இருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு புதுநகரமாக இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இந்த நிதியிலிருந்து எழுந்தன. 1984இல் முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்கான மெண்டாக்கி அமைப்பும் இதே நிதியில் சேர்க்கப்பட்டது. இன்று சம்பளத்துக்கு ஏற்பத் தொகை கூடியிருக்கிறது. முறை அதேதான்.

இதில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மக்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்து அங்கே பள்ளியைக் கட்டினார்கள். இரண்டு, எல்லோரிடமும் சிறு தொகை வாங்கியதால் பள்ளி எல்லோருக்கும் சொந்தமானது. மூன்று, அரசின் நகரத் திட்டத்திலேயே பள்ளிவாசலுக்கான நிலத்தைக் கேட்டுப் பெற்றார்கள்.

ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதுநகரப் பள்ளிகளில் பெரும்பான்மை மலாய் சகோதரர்கள். தமிழில் குத்பா கேட்க வேண்டுமானால் ஜாமிஆ சூலியா, அப்துல் கஃபூர் போன்ற பழைய பள்ளிகளுக்கே போக வேண்டியிருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. பத்து ஆண்டுக்கு முன் அது 3.3. சிதறி வாழும் சிறு சமூகத்தில் முதலில் தேய்வது மொழி. வீட்டில் தமிழ் இல்லாத பிள்ளைக்குத் தமிழில் மார்க்கம் சொல்லித்தர ஆலிமால் எப்படி முடியும்?

'இரண்டு போதும்' என்றவர்கள்

1960களில் பிறப்பைக் குறைப்பதே சிங்கப்பூர் அரசின் கவலை. 1965இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.6 குழந்தைகள். 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. 1972இலிருந்து 'இரண்டு போதும்' என்ற பிரச்சாரம் வேகமெடுத்தது. கூடுதல் பிள்ளை பெற்றவர்களுக்குப் பிரசவக் கட்டணம் முதல் பள்ளிச் சேர்க்கை வரை இடைஞ்சல்கள் வைக்கப்பட்டன.

1970களின் நடுவிலேயே பிறப்பு விகிதம், மக்கள்தொகை நிலையாக இருக்கத் தேவையான 2.1க்குக் கீழே போய்விட்டது. அதோடு நிற்கவில்லை, 1986இல் 1.43 ஆனது. அரசு பதறிப்போய் 1987இல் திசையை மாற்றியது. 'வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள்' என்றது. 2001இலிருந்து குழந்தை பிறந்தால் ரொக்கமும் கொடுக்கிறது. பயன் அதிகமில்லை. 2023இல் விகிதம் 0.97. வரலாற்றில் முதன்முறையாக ஒன்றுக்கும் கீழே.

பிறப்பைக் குறைக்க அரசால் முடிந்தது. கூட்டுவதற்கு முடியவில்லை. வீட்டு விலை, வேலை நேரம், தாமதமான திருமணம், பிள்ளைகளின் படிப்புப் போட்டி எல்லாம் சேர்ந்து ஒரு பழக்கமாகிவிட்டால் பணம் கொடுத்து அதை மாற்ற முடிவதில்லை. விளைவு என்ன? 2014இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் 65 வயதைக் கடந்தவர்கள் 12.4 விழுக்காடு. 2024இல் 19.9 விழுக்காடு. 2030 வாக்கில் நாலில் ஒருவர் முதியவராக இருப்பார்.

இது நமக்குத் தொலைதூரச் செய்தியல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2019-21இல் தமிழ்நாட்டின் விகிதம் 1.8. அகில இந்திய அளவில் முஸ்லிம்களின் விகிதம் 1992-93இல் 4.4 ஆக இருந்து 2019-21இல் 2.36 ஆக இறங்கிவிட்டது. முஸ்லிம்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள் என்று மேடையில் பேசுகிறவர்களும், அதைக் கேட்டுப் பெருமைப்படுகிறவர்களும் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். நம் வீடுகளிலேயே எண்ணிப் பார்க்கலாம். நம் பாட்டிக்கு எட்டு, அம்மாவுக்கு நான்கு, தங்கைக்கு இரண்டு. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள எட்டுப் பேர் இருந்த இடத்தில் இனி இருவர். அவர்களிலும் ஒருவர் வெளிநாட்டில்.

குடும்பம் இல்லாத பத்தொன்பது லட்சம்

பிறப்பு குறைந்த நாடு எப்படி அறுபது லட்சத்தைத் தொட்டது? வெளியிலிருந்து வந்த உழைப்பாளிகளால்தான். 2024இல் இருந்த 60.4 லட்சம் பேரில் குடிமக்கள் 36.4 லட்சம், நிரந்தரவாசிகள் 5.4 லட்சம். மீதி 18.6 லட்சம் பேர் வேலைக்கும் படிப்புக்கும் வந்து தங்கியிருப்பவர்கள். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் நம் தமிழ்நாட்டு இளைஞர்களும் இதில் அடக்கம். இவர்களைப் போன்ற வேலை அனுமதிச் சீட்டுக்காரர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது.

இவர்கள் தங்கும் விடுதிகளின் நெருக்கம் 2020இல் உலகுக்குத் தெரிந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கியிருந்த விடுதிகளில் கொரோனா பரவி, ஆண்டு முடிவதற்குள் 47 விழுக்காட்டினருக்குத் தொற்றியிருந்ததாக அந்நாட்டுச் சுகாதார அமைச்சே அறிவித்தது. ஊருக்குள் தொற்று அடங்கியிருந்த காலத்திலும் விடுதிகளில் அது பரவிக்கொண்டிருந்தது. வானுயர்ந்த கட்டடங்களின் புகைப்படத்தைப் பார்த்து மகனை அனுப்பத் துடிக்கும் பெற்றோர், அவன் எந்த அறையில் எத்தனை பேரோடு படுக்கப் போகிறான் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதினைந்து ஆண்டு கபர்

இப்போது தொடக்கத்தில் அந்தச் சகோதரர் சொன்ன வாசகத்துக்கு வருகிறோம்.

உயிரோடு இருப்பவர்களுக்கே இடம் போதாத தீவில் இறந்தவர்களுக்கு எங்கே இடம்? சிங்கப்பூரில் பழைய அடக்கத்தலங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிடாடரி அடக்கத்தலம் 1972இல் நிரம்பி மூடப்பட்டது. 2001இலிருந்து 2006க்குள் அங்கிருந்த சுமார் 58,000 கிறிஸ்தவக் கல்லறைகளும் 68,000 முஸ்லிம் கபர்களும் தோண்டி எடுக்கப்பட்டன. இன்று அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

இப்போது நாடு முழுவதற்கும் புதிதாக அடக்கம் செய்ய இருக்கும் ஒரே பொது இடம் சுவா சூ காங். 1998 நவம்பரில் வந்த விதியின்படி அங்கே ஒரு கபருக்குக் காலம் பதினைந்து ஆண்டு. அதன் பிறகு தோண்டி, எஞ்சியிருப்பதை எடுத்து, முஸ்லிம்களானால் சிறிய இடத்தில் பலரின் எச்சங்களோடு மீண்டும் அடக்கம் செய்கிறார்கள். இடத்தை மிச்சப்படுத்த 2007இலிருந்து கான்கிரீட் தடுப்புகளை வரிசையாகப் பொருத்திக் கபர்களை நெருக்கமாக அமைக்கும் முறையும் வந்தது. 2017இல் விமானத்தள விரிவாக்கத்துக்காக அதே சுவா சூ காங்கில் சுமார் 80,000 சீன, முஸ்லிம் கபர்களை எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது.

மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். மய்யித்தின் உடல் மக்கிப்போகாத நிலையில் கபரைத் தோண்டுவது கூடாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபு உட்பட ஃபுகஹாக்களின் அடிப்படை நிலைப்பாடு. முழுதும் மக்கி மண்ணான பின் அதே இடத்தில் வேறொருவரை அடக்குவதற்கு அனுமதி உண்டு. எத்தனை ஆண்டில் மக்கும் என்பதை அந்த மண்ணை அறிந்தவர்களே சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பழைய கபரஸ்தான்களிலும் காலங்காலமாக இப்படித்தான் நடக்கிறது. நிர்ப்பந்தம் வரும்போது அதற்குரிய சலுகையும் ஷரீஅத்தில் உண்டு. சிங்கப்பூர் உலமாக்கள் இந்த அடிப்படையில்தான் வழி சொன்னார்கள். அவர்கள் இருந்த சூழ்நிலையில் அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் தந்தையின் கபரில் ஸலாம் சொல்லிவிட்டு வரும் மகனுக்கு, இன்னும் இத்தனை வருடம்தான் என்ற எண்ணம் மனதில் உறுத்தும் அல்லவா? நமக்கு அந்த நிர்ப்பந்தம் வராமலிருக்க இன்னும் நேரமிருக்கிறது.

நம் புறநகர்கள் எங்கே நிற்கின்றன?

கோவளம் பழைய துறைமுக ஊர். தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் அறியப்படும் தர்காவும் கடலோர மாதா கோவிலும் மீனவர் குடியிருப்பும் அருகருகே இருக்கும் ஊர். ஆர்க்காட்டு நவாப் காலத்தில் சாதத் பந்தர் என்ற பெயரும் அதற்கு இருந்தது. இன்று அதன் ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை, சில கிலோமீட்டரில் பழைய மகாபலிபுரம் சாலை. நாவலூர், படூர், சிறுசேரி, கேளம்பாக்கம் என்று வயல்களாக இருந்த இடங்களில் இருபது மாடிகள் எழும்பிவிட்டன. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானது. 2022இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. அந்த எல்லைக்குள் அடங்கும் கிராமங்கள் எல்லாம் நாளைய நகரங்கள்.

திருவல்லிக்கேணியிலிருந்தும், ஆம்பூர், கீழக்கரை, காயல்பட்டினம் என்று பல ஊர்களிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் இங்கே வந்து சேர்கின்றன. தொழுகைக்கு ஒரு தளத்தை வாடகைக்கு எடுத்துவிடுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைகளுக்கு மாலை மக்தப் தொடங்கிவிடுகிறோம். கபரஸ்தானைப் பற்றி மட்டும் முதல் ஜனாஸா விழும்வரை யாரும் பேசுவதில்லை.

இங்கே ஒரு சட்ட விவரத்தை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சிப் பகுதியில் புதிய அடக்கத்தலத்துக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். 1999ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்பிலிருந்தோ குடிநீர் ஆதாரத்திலிருந்தோ 90 மீட்டருக்குள் புதிய அடக்கத்தலத்துக்கு உரிமம் கிடையாது. இதன் பொருளைச் சிந்தியுங்கள். இன்று காலியாகக் கிடக்கும் அரை ஏக்கருக்கு உரிமம் வாங்கலாம். சுற்றிலும் வீடு வந்த பிறகு கோடி கொடுத்து அதே நிலத்தை வாங்கினாலும் அங்கே ஒருவரையும் அடக்க முடியாது. அண்டை வீட்டாரின் எதிர்ப்பும் அப்போது நியாயமானதாகவே இருக்கும்.

செய்ய வேண்டியவை

சிங்கப்பூர் முஸ்லிம்களுக்கு அரசின் ஒத்துழைப்பும் சேம நிதி என்ற வழியும் இருந்தன. நமக்கு அவை இல்லை. ஆனால் அவர்கள் செய்ததன் சாரத்தை எந்த ஜமாஅத்தும் செய்யலாம்.

முதலில், மஹல்லா பதிவேடு. புறநகரில் ஒவ்வொரு பள்ளிவாசலும், வாடகைத் தளத்தில் நடக்கும் தொழுமிடமும், சுற்றியுள்ள முஸ்லிம் குடும்பங்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும். எத்தனை வீடு, எத்தனை பிள்ளைகள், எத்தனை முதியவர்கள், தனியாக இருப்பவர் யார், எந்த ஊர். சந்தா கட்டாதவர், வாடகைக்கு இருப்பவர் என்று யாரையும் விடக் கூடாது. ஆண்டுக்கொருமுறை திருத்தினால் போதும். அரசின் கணக்கெடுப்பு 2011க்குப் பிறகு 2027இல்தான் வருகிறது. அதில் எல்லாக் குடும்பமும் முறையாகப் பதிவாக உதவுவதும் நம் பொறுப்பே.

இரண்டாவது, சிறு தொகை நிதி. ஒரு வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் என்றால் முந்நூறு வீட்டில் ஆண்டுக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம். தனி வங்கிக் கணக்கு, ஆண்டுக்கொருமுறை ஜும்ஆவுக்குப் பின் வரவு செலவு வாசிப்பு. கணக்கு வெளிப்படையாக இருந்தால் கொடுக்க நம் மக்கள் தயங்குவதில்லை.

மூன்றாவது, பல ஜமாஅத்துகள் சேர்ந்து ஒரு கபரஸ்தான். ஒவ்வொரு சாலைக்கும் தனித்தனி நிலம் தேடுவது நடக்காத காரியம். நான்கைந்து ஜமாஅத்துகள் கொள்கை வேறுபாடுகளைப் பள்ளியோடு வைத்துவிட்டு இதற்காக ஒன்றுகூட வேண்டும். உரிமம் பெற்று, வக்ஃபாக முறைப்படி எழுதி, எந்த ஊரிலிருந்து வந்த முஸ்லிமுக்கும் இடம் உண்டு என்பதை அந்தப் பத்திரத்திலேயே குறிப்பிட வேண்டும். இருக்கும் இடத்தையும் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும். கபர்மேல் கட்டடம் எழுப்பாமலிருப்பது சுன்னத். இடமும் மிச்சமாகும்.

நான்காவது, முதியவர்கள். அடுக்ககத்தில் பகல் முழுவதும் தனியாக இருக்கும் பெரியவர்கள் நம் மஹல்லாக்களில் பெருகிவிட்டார்கள். அஸருக்கு வந்து மஃரிப் வரை அமர்ந்து பேசவும், மக்தப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லவும் பள்ளியில் அவர்களுக்கு ஓர் இடம் கொடுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழும் அவர்களிடமிருந்து கிடைக்கும்.

அந்தப் பெரியவரின் மகன் அண்மையில் நம்மைச் சந்தித்தார். வாப்பாவின் கபரை ஜியாரத் செய்ய ஆண்டுக்கு இருமுறைதான் போக முடிகிறது என்றார். பிறகு, "நம்ம பக்கத்திலேயே நிலம் பார்ப்பதாக இருந்தால் முதல் சந்தா என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள் ஹஜ்ரத்" என்றார். பதிவேட்டின் முதல் பக்கத்தில் அவருடைய குடும்பத்தின் பெயரை எழுதியிருக்கிறோம். இந்த முயற்சியை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.